நினைவைக் காக்கும் சிறு மின்கலம்



வீட்டில் மின்சாரம் நின்றுபோனால் விளக்கு அணைகிறது. மீண்டும் வந்ததும் எரிகிறது. விளக்குக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே அதற்கு இழப்பும் இல்லை. கணினியின் கதை வேறு. அதற்குள் நாம் எழுதி வைத்தவை இருக்கின்றன. மின்சாரம் நின்ற அந்த ஒரு கணத்தில் அவை என்ன ஆகின்றன? பழைய கைக்கணினி ஒன்றை முன்வைத்து இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கணினியின் நினைவகத்தில் இரு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட நினைவு. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அழியாது. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் மையால் எழுதிய பெயரைப் போன்றது அது. மற்றொன்று, மின்சாரம் பாய்கிற வரையில்தான் நிற்கும் நினைவு. இதற்கு ஓர் உவமை சொன்னால் நம் தாய்மார்களுக்குச் சட்டென்று விளங்கும். காண்டா வாளி தூக்கியவர்கள் அவர்கள். தோள் தாங்குகிற வரையில் பால் வாளியில் இருக்கும். தோள் நழுவினால் பால் மண்ணுக்குத்தான். பிறகு அதை அள்ள முடியாது. இந்த இரண்டாம் வகை நினைவும் யாரோ ஒருவர் இடைவிடாமல் தாங்கிக்கொண்டிருக்க வேண்டிய சுமைதான்.

1983-ஆம் ஆண்டில் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கணினி விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் செய்து கொடுக்க, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகள் அதை விற்றன. ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். மேற்பாதியில் எட்டு வரிகள் காட்டும் சிறு திரை. ஒரு வரிக்கு 40 எழுத்துகள். கீழே முழு அளவு விசைப்பலகை. அதற்குள் இருந்த மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எழுதியது. பில் கேட்ஸ் தாமே உட்கார்ந்து பெரும்பகுதி நிரல் எழுதிய கடைசி இயந்திரம் இதுதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். செய்தியாளர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். டார்ச் லைட்டில் போடுகிறோமே, அந்த வகையில் மெல்லிய, இரட்டை ஏ அளவு பேட்டரிகள் நான்கு போட்டால் சுமார் இருபது மணி நேரம் ஓடும். மின்சாரமே இல்லாத இடத்திலும் எழுதலாம்.

இந்தக் கணினியில் வட்டு என்று எதுவும் இல்லை. எழுதுவதெல்லாம் மின்சாரம் தாங்க வேண்டிய அந்த இரண்டாம் வகை நினைவில்தான் நிற்கும். அளவு 8 கிலோபைட். கூட்டிக்கொண்டால் 32 கிலோபைட். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனால் எழுத்து என்று பார்த்தால் சுமார் முப்பதாயிரம் எழுத்துகள் கொள்ளும். ஒரு சிறு புத்தகம்.

இந்தச் சுமையைத் தாங்க மூன்று தோள்கள் உண்டு. முதலாவது, சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் 6 வோல்ட் அடாப்டர். இரண்டாவது, நான்கு பேட்டரிகள். மூன்றாவது, உள்ளே பலகையில் பற்றவைத்திருக்கும் ஒரு சிறு நிக்கல்-காட்மியம் மின்கலம். இதன் அழுத்தம் 3.6 வோல்ட். அடாப்டரும் பேட்டரியும் இல்லாத நேரத்தில் நினைவைத் தாங்குவது இது மட்டுமே. புதிதாக இருந்தபோது 32 கிலோபைட் நினைவை இது சுமார் எட்டு நாள் காக்கும். 8 கிலோபைட்டாக இருந்தால் சுமார் முப்பது நாள். காண்டாக் கம்பை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றும்போது கம்பு ஒரு கணம் கையில் நிற்குமே, அந்தக் கைதான் இந்த மின்கலம். பேட்டரி மாற்றுகிற நேரத்தில் அது இல்லாவிட்டால் எழுதியதெல்லாம் போயிற்று.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜாசின் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் வேலை பார்த்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து பழையதாக வாங்கி வந்த மாடல் 100 கணினி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் ஓய்வு நேரத்தில் ஒரு பட்டியல் தட்டி வந்தார். எந்த லயத்தில் எந்த வீட்டில் எந்தக் குடும்பம் இருந்தது, குடும்பத் தலைவர் பெயர் என்ன, தமிழ்நாட்டில் எந்த ஊர், தோட்டம் கலைந்தபோது எங்கே போனார்கள் என்று நினைவிலிருந்து எடுத்து எழுதியவை. இருநூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அந்தக் கணினியில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் முனியம்மாவும் வேலாயுதமும். (நம் நாட்டுத் தமிழரான முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1985-இல். அது வேறு வகைக் கணினிகளுக்கு.)

அவர் என்னைக் கூப்பிட்ட காரணம் இது. "வாத்தியாரே, இந்தப் பெட்டிக்கு என்னமோ ஆகிப்போச்சு. ஒயரைப் பிடுங்கினா அப்படியே செத்துப்போகுது. மருமக தெரியாம ஒரு நாள் ரைஸ் குக்கர் போட இதைப் பிடுங்கிட்டா. ஒரு மாசத்து எழுத்து போயிருச்சு. மறுபடியும் உட்கார்ந்து எழுதினேன். இன்னொரு தடவை போனா எழுத எனக்குத் தெம்பு இல்லை." மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "மாமா, அதுக்கு அப்புறம் அந்தப் பக்கமே நான் போறதில்லையே" என்றார். உண்மைதான். அந்தப் பிளக்கின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, "தொடாதே" என்று எழுதியிருந்தது.

இவ்வளவு கேட்டதுமே நோய் பாதி விளங்கிவிடும். வெளி மின்சாரம் இருக்கும்வரை ஓடுகிறது, நினைவும் இருக்கிறது. எடுத்தால் இரண்டும் போகின்றன. அப்படியானால் மற்ற இரண்டு தோள்களும் வேலை செய்யவில்லை. பேட்டரி அறையைத் திறந்தேன். பழைய பேட்டரிகள் கசிந்து, சுருள் கம்பிகளில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. அடிப்பக்கத்தில் நினைவுக்கான மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் ஒரு சிறு விசை உண்டு. அது மூடியிருந்தால் உள் மின்கலம் நல்லதாயிருந்தும் பயனில்லை. கடையில் நீண்ட நாள் வைத்திருக்கும்போது மூடி வைப்பதற்காக உள்ள விசை அது. இது போன்ற கணினி கிடைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ஒரு காசு செலவில்லாமல் தீரும் பழுது. ஆனால் இங்கே விசை திறந்தே இருந்தது. ஆகவே உள் மின்கலம்தான் இறந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலருக்கும் திருப்புளியை எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்கவே கூடாது. கணினியைத் திறக்க வேண்டுமானால் அடாப்டரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இருநூறு குடும்பங்களும் அந்தக் கணத்தில் போய்விடும். நோயாளியைக் காப்பாற்றுவதற்கு முன் அவர் மடியிலுள்ள குழந்தையை இறக்கிவிட வேண்டும்.

இந்தக் கணினியிலிருந்து எழுத்தை வெளியே எடுக்க வழிகள் உள்ளன. சாதாரண ஒலிநாடாப் பதிவுக் கருவியில் சத்தமாகப் பதிந்து வைக்கலாம். அல்லது பின்னால் உள்ள 25 ஊசித் துளை வழியாகக் கம்பி போட்டு வேறு கணினிக்கு அனுப்பலாம். அவரிடம் நாடாக் கருவியும் இல்லை, கம்பியும் இல்லை. வரவழைக்க நாளாகும். அதுவோ பிற்பகல் தோறும் இடி மழை பெய்த மாதம். மின்சாரம் எப்போது துண்டிக்கப்படும் என்று சொல்ல முடியாது.

முதல் வேலையாக இரண்டாவது தோளைத் தயார் செய்தோம். அடாப்டரைக் கழற்றாமலேயே, பேட்டரி அறையின் கம்பிகளை உலர்ந்த பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்தோம். ஈரம் எதுவும் வைக்கவில்லை. நான்கு புதிய பேட்டரிகளைப் போட்டோம். இனி மின்சாரம் போனாலும் உடனே எல்லாம் அழியாது என்று ஓரளவு தைரியம். பிறகு ஆறாம் ஆண்டு மாணவியர் இருவர் பள்ளி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஒருத்தி திரையைப் பார்த்து வாசிக்க, ஒருத்தி எழுத, கிராணி ஐயா பக்கத்தில் இருந்து பெயர்களைத் தமிழில் திருத்திச் சொன்னார். ஒரு முறைக்கு எட்டு வரிதான் தெரியும். நாற்பது முறைக்கு மேல் திரையை உருட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாலைப் பொழுது ஆயிற்று. எழுதிய பிள்ளைகளில் ஒருத்தி நடுவில் நிறுத்தி, "சார், இது எங்க பாட்டி பேரு" என்றாள். நான்காவது லயம், ஏழாவது வீடு. பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகுதான் திருப்புளி.

திறப்பது கடினமில்லை. அடியில் நான்கு திருகுகள். ஆனால் மேல்பாதியும் கீழ்பாதியும் கம்பிப் பட்டைகளால் இணைந்திருக்கும். புத்தகத்தைத் திறப்பது போல் மெல்லத் திறக்க வேண்டும். இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே அந்தச் சிறு மின்கலத்தைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. நிக்கல்-காட்மியம் மின்கலம் முதுமையில் கசிகிறது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்; அது தாமிரக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். நம் மலாக்காவின் வெப்பமும் ஈரமும் அதற்கு நல்ல துணை. இதே வகைக் கணினிகளில் மின்தேக்கிகளும் கசிவதுண்டு. அவற்றைச் சூடாக்கும்போது கருவாட்டு வாடை போல் ஒன்று அடிக்கும். பழுது பார்ப்பவர்கள் மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். நல்ல மின்கலம் 3.6 வோல்ட்டோ சற்றுக் கூடுதலாகவோ காட்டும். இந்த வகை நினைவுச் சில்லுகள் சுமார் 2 வோல்ட் வரையில் தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் மறக்கத் தொடங்கும். இங்கே முள் பூச்சியத்தை விட்டு நகரவே யோசித்தது.

பற்றவைக்கும் வேலையைப் பட்டணத்தில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் செய்தார். பழையதை எடுத்துவிட்டு, கசிந்த இடத்தைப் பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்தார். காரத்தை அடக்க இலேசான அமிலம் வேண்டும் அல்லவா? பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு கழுவி நன்றாக உலரவிட்டார். அறுந்திருந்த ஒரு தாமிரக் கோட்டுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டார். அதன்பின் 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் ஒன்றை, கூட்டல் கழித்தல் பக்கம் பார்த்து வைத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வட்டமான லித்தியம் பேட்டரி ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது" என்று சிலர் சொல்வார்கள். அந்த வட்ட பேட்டரி மீண்டும் ஊட்டம் ஏற்றும் வகை அன்று. இந்தக் கணினியோ தன் உள் மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி ஊட்டிக்கொண்டே இருக்கும். ஏற்கக் கூடாத ஒன்றுக்கு ஊட்டினால் அது வீங்கும்; வெடிக்கவும் கூடும். அடாப்டர் விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்தக் கணினிக்கு உரிய அடாப்டரில் முனையின் நடுப்பகுதி கழித்தல். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் நடுப்பகுதி கூட்டல். வோல்ட் ஒன்றுதானே என்று செருகிவிடாதீர்கள்.

புதிய மின்கலம் வைத்ததும் அதை நம்பிவிடவும் கூடாது. அது நிறைய நேரமாகும். ஓர் இரவும் பகலும் அடாப்டரில் இருக்கட்டும். பிறகு நான்கு வரி எழுதி வைத்து, அடாப்டரையும் பேட்டரிகளையும் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இருந்தால் அடுத்து ஒரு மணி நேரம். பிறகு ஓர் இரவு. நினைவு அழிந்திருந்தால் கணினியே காட்டிக்கொடுக்கும்: நாள் 1900 ஜனவரி முதல் தேதிக்குப் போயிருக்கும். இந்தக் கணினி எந்த ஆண்டுக்கும் முன்னால் 19 என்றே போடும். 2026 என்று சொல்ல நினைத்து 26 என்று கொடுத்தால் 1926 என்று காட்டும். அது பழுது அன்று; பிறவிக் குணம். கிராணி ஐயாவின் கணினி ஓர் இரவைத் தாண்டியது. பிறகு மூன்று நாளையும் தாண்டியது. பட்டியலைத் திரும்பவும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே தட்டுகிறார். பிளக்கின் மேலிருந்த ஒட்டுநாடாவை மருமகளே கிழித்துப் போட்டார்.

"எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பழங்கணினி எதுவும் இல்லையே" என்று நினைக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் படிக்கும் மேசைக் கணினியின் உள்ளேயும் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. ஐம்பது காசு நாணயத்தைப் போன்ற சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி. இன்றைய கணினியில் பிள்ளைகளின் பாடமெல்லாம் வட்டிலோ சில்லிலோ இருப்பதால் அது தீர்ந்தாலும் பாடம் அழியாது. ஆனால் நேரமும் நாளும் தப்பாகும். நாள் தப்பானால் இணையப் பக்கங்கள் பல, "பாதுகாப்பில்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய தேதி வருகிறது என்றால், புதுக் கணினிக்குக் கடன் வாங்குவதற்கு முன் இந்தச் சில வெள்ளி பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்ற வேண்டும். எழுத்துள்ள பக்கம் மேலே.

கழற்றிய பழையவற்றை என்ன செய்வது? குப்பையோடு சேர்த்து வீட்டுக்குப் பின்னால் கொளுத்துவது நம்மிடையே பழக்கம். மின்கலத்தை ஒருபோதும் நெருப்பில் போடாதீர்கள். வெடிக்கும். நிக்கல்-காட்மியத்தில் உள்ள காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. மண்ணிலும் கிணற்றிலும் சேரக் கூடாதது. ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, பட்டணத்துக்குப் போகும்போது பழைய மின்பொருள்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அந்த வட்ட பேட்டரியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. பழசு, தீர்ந்துபோனது என்று அலட்சியம் வேண்டாம். கணினியை ஓட்டத் தெம்பில்லாத பேட்டரிக்கும் குழந்தையின் தொண்டையைச் சுடும் தெம்பு இருக்கும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். குழந்தை அழாமலும் இருக்கலாம்; எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். விழுங்கியிருக்குமோ என்று ஐயம் வந்தாலே போதும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999-க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய், "பேட்டரி விழுங்கிவிட்டது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதே வகைப் பேட்டரியோ அதன் அட்டையோ வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அது உதவும்.